சிவனொளிபாதமலையில் ஏறி இறங்குவது எப்படி: நல்லதண்ணிப் பாதைக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் நிற்கும் சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். நாட்டின் மிக உயர்ந்த மலை அதுவல்ல. பிதுருதலாகலை அதனினும் உயர்ந்தது. எனினும் சாதாரண மக்கள் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் கால்நடையாய் ஏறும் மலைகளுள், உடலை இந்த அளவுக்குச் சோதிப்பது இத்தீவில் வேறில்லை. ஹட்டன் பக்கத்து அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி படிகள். படிகளின் எண்ணிக்கை 5,500 அளவில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தூரத்தை ஒருவர் ஐந்து கிலோமீற்றர் என்பார், இன்னொருவர் ஏழு என்பார். அந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் இங்கே களைப்பைத் தீர்மானிப்பது ஏற்றமும் அதைவிட முக்கியமாக இறக்கமுமே.

இந்த வழிகாட்டியை எழுதுவதற்கான காரணமும் அந்த இறக்கம்தான். மலையேற்றம் என்றதும் எல்லோரும் உச்சியையே நினைக்கிறார்கள்; மூச்சு வாங்காமல் ஏறுவது எப்படி, எவ்வளவு நேரத்தில் ஏறலாம் என்றே கேட்கிறார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்தப் பாதையின் நடுப்பகுதியில் நின்று பார்த்தால், இரவில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறிய இளைஞர்கள் கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, முதுகைக் கீழ்ப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குவதைக் காணலாம். அவர்களுக்குப் பக்கத்திலேயே, இரவு முழுவதும் ஒரே சீராக நடந்த எழுபது வயதுப் பாட்டிமார் வெறுங்காலுடன் நிதானமாக இறங்கிப் போவார்கள். ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே வேலையாக எண்ணி, கால்களின் பலத்தில் சரிபாதியை இறக்கத்துக்கென்று ஒதுக்கிவைத்து ஏறுபவரே இந்த மலையை நன்றாக ஏறியவர்.

எந்தக் காலத்தில் ஏறுவது

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியுடன் முடிகிறது. பருவத் தொடக்கத்தில் பெல்மதுளை கல்பொத்தாவலை விகாரையிலிருந்து, மலையின் காவல் தெய்வமாகப் பௌத்தர்கள் வழிபடும் சமன் தெய்வத்தின் திருவுருவமும் புனிதப் பொருட்களும் ஊர்வலமாக மலைக்குக் கொண்டுசெல்லப்படும். பருவம் முடிந்ததும் அவை மீண்டும் கீழே இறக்கப்படும். இடைப்பட்ட இந்த மாதங்களில் பாதை நெடுகிலும் மின்விளக்குகள் எரியும், தேநீர்க் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும், முதலுதவி நிலையங்களும் பொலிஸாரும் இருப்பார்கள். முதன்முறை ஏறுபவர் இந்தப் பருவத்துக்குள்தான் ஏற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பருவத்துக்குள்ளும் எல்லா நாட்களும் ஒன்றல்ல. டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும் வடகீழ்ப் பருவமழையின் மிச்சம் இருக்கும். மேகம் உச்சியை மூடிக்கொண்டால் சூரிய உதயமும் கிடையாது, படிகளும் வழுக்கும். ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான வாரநாட்களே மிகச் சிறந்தவை. பௌர்ணமி தினங்களிலும் வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் கூட்டம் அளவு கடந்து பெருகும். சாதாரண நாளில் மூன்று மணித்தியாலத்தில் ஏறக்கூடியவர் அத்தகைய இரவில் ஆறேழு மணித்தியாலம் வரிசையில் நின்று நின்று ஏற நேரிடும். உச்சியை அடைவதற்கு முன்பே பொழுது விடிந்துவிடவும் கூடும். பக்திக்காகவே போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் ஏறுபவர்களுக்கு அந்தக் கூட்டமும் யாத்திரையின் ஒரு பகுதி. மலைநடையை முதன்மையாகக் கருதுபவர் செவ்வாய், புதன் போன்ற நாட்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மே மாத இறுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை இந்த மலைச்சரிவை நேரடியாகத் தாக்கும். அப்போது விளக்குகள் இல்லை, கடைகள் இல்லை, மேற்பகுதியில் காற்று ஆளைத் தள்ளும், மழை பெய்தால் படிகளே ஓடைகளாகிவிடும். மலையைச் சூழ்ந்துள்ள காடு 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மேட்டுநிலங்களின் ஒரு பகுதி. அதில் சிறுத்தைகளும் வாழ்கின்றன. பருவத்துக்கு வெளியே ஏற வேண்டிய கட்டாயம் இருந்தால், பாதையை நன்கறிந்த உள்ளூர்வாசி ஒருவரை அழைத்துக்கொண்டு, தங்கும் விடுதியில் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஏறி இறங்குங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

ஆறு வாரத் தயாரிப்பு

நடைப்பயிற்சி மட்டும் போதாது. சமதரையில் நாள்தோறும் ஐந்து கிலோமீற்றர் நடப்பவரும் இந்தப் படிகளில் தடுமாறுவதற்குக் காரணம், இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதுதான். அந்த வகை உழைப்புக்குப் பழகாத தசையின் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி உச்சத்துக்குப் போகும். ஆகவே மாடிப்படிகளில் ஏறிப் பழகுவதோடு, அவற்றில் இறங்கியும் பழக வேண்டும். அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஏறப் படியையும் இறங்க மின்தூக்கியையும் பயன்படுத்துவோர் பாதிப் பயிற்சியை இழக்கிறார்கள்.

வாரத்துக்கு மூன்று நாட்கள், முதல் வாரத்தில் பதினைந்து நிமிடம் தொடங்கி, ஆறாவது வாரத்தில் ஒரு மணித்தியாலம் வரை படிகளில் ஏறி இறங்குங்கள். கடைசி இரண்டு வாரங்களில், மலைக்குக் கொண்டுபோகப் போகும் அதே பையை அதே எடையுடன் முதுகில் போட்டுக்கொண்டு பயிலுங்கள். புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களில் பயிற்சியை நிறுத்திக் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புறப்படக்கூடாது. உயரத்தினால் வரும் தலைச்சுற்றலுக்கு இந்த மலையில் பெரும்பாலும் இடமில்லை. 2,243 மீற்றர் அதற்குப் போதாது. உச்சிக்கு அருகில் குமட்டலும் தலைவலியும் வந்தால், பெரும்பாலும் அது தண்ணீர் குறைவினாலோ தூக்கமின்மையினாலோ குளிரினாலோ வந்ததாக இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பையின் எடை நான்கு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் முதலிடம் உலர்ந்த மேற்சட்டை ஒன்றுக்கு. ஏறும்போது உடல் கொதிக்கும், வியர்வை ஊறும். உச்சியில் விடியற்காலை வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு, காற்றும் சேர்ந்துகொள்ளும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையுடன் அந்தக் காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், எவ்வளவு உறுதியான உடலும் நடுங்கத் தொடங்கிவிடும். குழந்தைகளை இது இன்னும் விரைவாகப் பாதிக்கும். ஆகவே மெல்லிய சட்டையோடு ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் கடைசியாக வரும் கடைகளில் ஒன்றில் ஒதுங்கி, நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கியையும் காதை மூடும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏறத் தொடங்கும்போதே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவது பரவலாகக் காணப்படும் தவறு. அது ஏறும்போது நனைந்து, தேவைப்படும்போது பயனற்றுப் போகும்.

இரண்டாவது, ஒரு சோடித் தடித்த காலுறை. உச்சியின் முற்றத்தில் காலணியுடன் நடக்க முடியாது, கழற்றிவிட வேண்டும். விடியற்காலையில் அந்தத் தரை பனிக்கட்டியைப் போலிருக்கும், பெரும்பாலும் ஈரமாகவும் இருக்கும். ஏறும்போது அணிந்த காலுறையோடு அங்கே நின்றால் அது நனைந்து, இறங்கும் வழியெல்லாம் பாதத்தில் கொப்புளம் எழும்பும். உச்சிக்கென்று ஒரு சோடி, இறக்கத்துக்கென்று உலர்ந்த இன்னொரு சோடி என்று வைத்துக்கொள்வது சிறிய விடயமாகத் தோன்றினாலும் அதன் பலன் பெரிது.

காலணி புதிதாக இருக்கக்கூடாது. அடிப்பகுதி ரப்பராகவும் நன்றாகப் பிடிப்பதாகவும், முன்பக்கம் விரல்களுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் உள்ளதாகவும் இருக்கட்டும். புறப்படுவதற்கு முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பெருவிரல் நகம் காலணியின் முன்பக்கத்தில் ஆயிரக்கணக்கான முறை மோதும், நகம் கறுத்துப் போவது அதனால்தான்.

தண்ணீர் ஒன்றரை லீற்றர் போதும், வழியில் வாங்கலாம். ஆனால் ஒருமுறை பாவித்து எறியும் போத்தல்களை வாங்கிச் சேர்க்காமல் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோங்கள். அந்தக் காட்டின் சரிவுகளில் குவியும் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இரண்டு வாழைப்பழம், பேரீச்சம்பழம், நிலக்கடலை, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சத்துத் தூளான ஜீவனி ஒரு பக்கெட் ஆகியன உணவுக்குப் போதுமானவை. விளக்குகள் எரியும் பருவத்திலும் ஒரு டோர்ச் லைட் வேண்டும், மின்தடை ஏற்படுவதுண்டு. நெற்றியில் கட்டும் வகையாக இருந்தால் இரு கைகளும் கம்பியைப் பிடிக்க மிச்சமாகும்.

புறப்படும் நேரத்தைக் கணக்கிடுதல்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை செல்லும் புகையிரதத்தில் ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகப் பேருந்தில் நல்லதண்ணியை அடையலாம். பருவ காலத்தில் ஹட்டனிலிருந்து நேரடிப் பேருந்துகள் ஓடுகின்றன. வளைவுகள் நிறைந்த அந்தப் பாதைக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கும் நடுவே போகும் அந்தப் பயணத்தைப் பகலில் செய்வது நல்லது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் இறங்கியிருந்தால், 1969 இல் அணை கட்டப்பட்டபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பிற கட்டடங்களும் சேற்றுக்கு மேலே தெரியும். பிற்பகலில் நல்லதண்ணியை அடைந்து, இருட்டுவதற்கு முன் மலையை ஒருமுறை கீழிருந்து பார்த்து, மாலை ஆறரைக்கு இலேசாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். நான்கு மணி நேரத் தூக்கமாவது கிடைக்காமல் ஏறுவது இறங்கும்போது கால் இடறுவதற்கு வழி செய்யும்.

சூரியன் ஜனவரி, பெப்ரவரியில் காலை 6.20 அளவிலும், ஏப்ரலில் ஆறு மணி அளவிலும் எழும். உச்சியில் இருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணிக்கு முன்னால். அதைவிட வெகுநேரம் முன்னதாகப் போய்ச் சேர்வதில் எந்தப் பெருமையும் இல்லை. உச்சி மிகச் சிறிய இடம், ஒதுங்குவதற்கு அதிக வசதி கிடையாது, வியர்வை ஆறிய உடலுடன் இரண்டு மணி நேரம் அந்தக் காற்றில் குந்தியிருப்பது ஏற்றத்தைவிடக் கொடுமை. சராசரி உடல்வலிமை உள்ளவருக்கு வாரநாளில் மூன்று முதல் மூன்றரை மணித்தியாலம் போதும். ஆகவே அதிகாலை 2 மணிக்குப் புறப்படுவது பொருத்தமானது. முதியவர்களும் சிறுவர்களும் உடன் வந்தால் நள்ளிரவில் புறப்படுங்கள். போயா இரவென்றால் முன்னிரவு ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்கிவிட வேண்டியிருக்கும்.

பாதையில்

முதல் அரை மணி நேரம் ஏமாற்றும். கடைகளுக்கு நடுவே பாதை ஏறத்தாழ சமமாகச் செல்லும். மகர தோரணத்தைக் கடந்து, ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் கட்டிய வெண்ணிறத் தாதுகோபத்தை அடையும் வரை ஏற்றம் பெரிதாகத் தெரியாது. உடல் சூடாகாத அந்த நேரத்தில் எல்லோரும் வேகமாக நடப்பார்கள். நீங்கள் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். சீத்தகங்குல ஆற்றங்கரையில் யாத்திரிகர்கள் நின்று முகம் கைகால் கழுவி, சிலர் அந்தக் குளிரிலும் நீராடி, மலையை வணங்கிவிட்டு மேலே செல்வது வழக்கம். முகம் கழுவுங்கள், நீராடுவதாயிருந்தால் மாற்றுடையும் தலையைத் துவட்டத் துவாயும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அதற்கு மேல் படிகள் தொடங்கும். அவை ஒரே உயரமானவை அல்ல. சில படிகள் அரை அடி, சில முழங்கால் அளவு, சிலவற்றின் விளிம்பு தேய்ந்து சரிந்திருக்கும். இங்கே கடைப்பிடிக்க வேண்டிய ஒரே விதி, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதிருப்பது. பேச்சு இடையில் அறுந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், நிற்க வேண்டியதில்லை. பாதம் முழுவதையும் படியில் பதித்து, குதிகாலால் அழுத்தி, முன்னங்காலை ஊன்றியபின் ஒரு கணம் அந்தக் காலை நேராக நிறுத்தி எடையை எலும்பின் மீது இறக்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். தோட்டத்தில் கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து சரிவில் ஏறும் பெண்களின் நடையைக் கவனித்தால் இது புரியும். அவர்கள் ஒருபோதும் விரல் நுனியில் ஏறுவதில்லை. உயரமான படி வந்தால் நேராக ஏறாமல் சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி ஏறுங்கள், அல்லது ஓரத்தில் உள்ள சிறிய கல்லை இடைப்படியாகப் பயன்படுத்துங்கள். ஏறும்போது எல்லாப் படிகளுக்கும் ஒரே காலை முதலில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைக் கவனித்து மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு முழங்கால் மட்டும் முதலில் சோர்ந்துவிடும்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்றபடியே இளைப்பாறுவது நல்லது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஓய்வெடுத்தால் தசைகள் குளிர்ந்து இறுகி, அடுத்த நூறு படிகள் மிகவும் கடினமாகும். ஒரேயொரு நீண்ட ஓய்வு எடுக்கலாம், அதையும் பாதி வழியில் ஓர் இஞ்சிப் பிளேன்டீயோடு முடித்துக்கொள்ளலாம். சீனி கலந்த அந்தச் சூடான பிளேன்டீ, வழிநெடுக விற்கும் எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களைவிட எவ்வளவோ மேல். வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறுவது வாந்தியில் முடியும்.

கெத்தம்பான என்னும் இடத்தில் பௌத்தர்கள் ஊசியில் நூல் கோத்து, நூலை அங்கிருந்து அவிழ்த்தபடியே மேலே ஏறுவார்கள். புத்தர் தம் காவியாடையை இங்கே தைத்தார் என்பது ஐதீகம். கைப்பிடிக் கம்பிகளோடு வெள்ளை நூல்கள் கற்றை கற்றையாகத் தொங்குவதைக் காணலாம். அவற்றை அறுக்காமல் கம்பியைப் பிடியுங்கள். எதிரே இறங்கி வருபவர்கள் "கருணாவயி" என்று வாழ்த்துவார்கள், அதையே திருப்பிச் சொல்லலாம். தமிழ் யாத்திரிகர் கூட்டங்களிலிருந்து அரோகராச் சத்தம் எழும். உச்சியில் உள்ள பாதச்சுவட்டைப் புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதமின் பாதம் என்று பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய நான்கு மதத்தவரும் தத்தம் வழியில் போற்றும் இடம் இது. ஒலிபெருக்கியைப் பையில் மாட்டிக்கொண்டு பாட்டுப் போட்டபடி ஏறுவது அவர்கள் எல்லோரையும் நோகச் செய்யும்.

கடைசிப் பகுதி மிகச் செங்குத்தானது. கைப்பிடிக் கம்பிகள் பாதையைப் பிரித்து நிற்கும். அங்கே கால்களின் வேலையில் ஒரு பங்கைக் கைகளுக்குக் கொடுங்கள். கம்பி இரவில் மிகவும் குளிர்ந்திருக்கும், மெல்லிய கையுறை இருந்தால் உதவும். கூட்டம் நின்றால் முண்டியடிக்காதீர்கள். செங்குத்துப் படிகளில் ஒருவர் சரிந்தால் அவருக்குப் பின்னால் நிற்கும் பலரும் சேர்ந்தே சரிவார்கள். இடி மின்னல் தொடங்கினால் மேலே போகாமல் கீழே உள்ள கடையொன்றில் தங்கிவிடுங்கள். கம்பியைப் பிடித்தபடி மின்னலுக்கு நடுவே நிற்பது உயிருக்கு ஆபத்து.

உச்சியில்

காலணியைக் கழற்றி பையில் கட்டி, பாதத்தை வணங்கிவிட்டு, கிழக்குப் பக்கமாக இடம் பிடியுங்கள். பாதம் உள்ள சிறு கோயிலுக்குள் படம் பிடிக்க அனுமதியில்லை. அங்குள்ள மணியை, எத்தனையாவது முறையாக ஏறினோமோ அத்தனை முறை அடிப்பது மரபு.

சூரியன் எழுந்ததும் பலர் உடனே இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரப்படாமல் மேற்குப் பக்கம் திரும்புங்கள். வானம் தெளிவாக இருந்தால், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மேகங்களின் மீதும் கீழுள்ள காடுகளின் மீதும் விழுந்து கிடக்கும். மலையின் வடிவம் எப்படியிருந்தாலும், மிக நீண்ட நிழலை உச்சியிலிருந்து அதன் நீளவாட்டில் பார்க்கும்போது தூரத்தில் அது குவிந்து முக்கோணமாகவே தோன்றும். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சூரியன் மேலேற நிழல் விரைவாகச் சுருங்கி மலையடிக்கு வந்துவிடும். அதைப் பார்த்து முடிக்கும் நேரத்துக்குள் முதல் நெரிசலும் கீழே இறங்கியிருக்கும்.

இறக்கம்

இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி மடக்குங்கள், உலர்ந்த காலுறையை மாற்றுங்கள். காலணியின் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்பக்கம் நன்றாகத் தட்டி உட்காரவைத்து, கணுக்காலருகே இறுக்கமாகக் கட்டுங்கள். பாதம் முன்னால் சறுக்கி நகம் மோதுவதை இது பெருமளவு தடுக்கும். தண்ணீரோ ஜீவனியோ குடியுங்கள். மேலங்கியைக் கழற்ற அவசரம் வேண்டாம், வெயில் ஏறியபின் கழற்றலாம்.

முழங்காலை விறைப்பாக வைத்து இறங்கினால் ஒவ்வொரு படியின் அதிர்ச்சியும் மூட்டுக்குள் நேராகப் போகும். இரு முழங்கால்களையும் எப்போதும் சிறிது மடக்கியே வைத்து, முன்பாதத்தை முதலில் மென்மையாக ஊன்றி, பின்னால் உள்ள காலால் உடலைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் இங்கேதான் அது தன் வேலையைக் காட்டும். கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டு, பிறகு காலை வையுங்கள். உயரமான படிகளில் உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி இறங்குங்கள். ஐம்பது படிகளுக்கு இடப்பக்கம், ஐம்பது படிகளுக்கு வலப்பக்கம் என்று மாற்றிக்கொண்டால் பாரம் ஒரே மூட்டில் சேராது. குதிக்காதீர்கள், ஓடாதீர்கள். இளைஞர்கள் கூட்டமாக ஓடி இறங்குவது வேடிக்கையாகத் தெரியலாம். கணுக்கால் சுளுக்கு நேர்வது பெரும்பாலும் அப்படித்தான், அந்தச் சரிவில் நடக்க முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொடைகள் தாமாக நடுங்கத் தொடங்கினால், தசை தன் எல்லையைச் சொல்கிறது என்று பொருள். ஓரத்தில் உட்கார்ந்து, எதையாவது இனிப்பாகச் சாப்பிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தொடருங்கள். ஏறும்போது நீண்ட ஓய்வு கூடாது என்று மேலே சொன்னது இறக்கத்துக்குப் பொருந்தாது. இறங்கும்போது நேரம் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் இருட்டில் கடந்த காட்டையும் அருவிகளையும் தேயிலைச் சரிவுகளையும் பகலில் பார்த்தபடி இறங்குவது இந்த யாத்திரையின் மிக அழகான பகுதி, கால் வலியால் அதை இழந்துவிட வேண்டாம்.

இரத்தினபுரிப் பக்கம்

நல்லதண்ணிப் பாதையில் பழகியவர்கள் அடுத்து நாடுவது இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகளை. பலாபத்தலை வழியாகவும், குருவிட்ட எரத்ன வழியாகவும் ஏறலாம். அவை மிகத் தாழ்வான இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற வேண்டிய உயரம் 1,500 மீற்றரையும் தாண்டும். பெரும்பகுதி அடர்ந்த மழைக்காட்டுக்குள் போகும். ஏழெட்டு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். அந்தப் பக்கமாக ஏறி நல்லதண்ணிப் பக்கமாக இறங்குவதே என் பரிந்துரை, ஏனெனில் அந்த நீண்ட இறக்கத்தை முழங்கால்கள் மன்னிப்பதில்லை.

அங்கே அட்டைகள் அதிகம். 1344 இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடும் அவர் அனுப்பிய ஆட்களோடும் இந்த மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் பிழிவதற்கு மக்கள் எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாறையில் மாட்டிய சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும் சொல்கிறார். இன்றும் எலுமிச்சையும் உப்பும் சவர்க்காரமும் அதே வேலையைச் செய்கின்றன. காற்சட்டையின் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்ட அட்டையைப் பிய்த்து இழுக்காமலும் நெருப்பு வைக்காமலும், விரல் நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் தோலோடு ஒட்டிச் செலுத்தி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் சிறிது நேரம் கசியும்; கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

திரும்பிய பிறகு

நல்லதண்ணியை அடைந்ததும் உடனே பேருந்தில் ஏறி நான்கு மணி நேரம் கால்களை மடக்கி உட்காராதீர்கள். கால் மணி நேரம் சமதரையில் மெதுவாக நடந்து, குளிர்ந்த நீரில் கால்களை முழங்கால் வரை நனைத்து, உப்புச் சேர்ந்த உணவை வயிறாரச் சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது படுத்தெழுந்து புறப்படுங்கள். சித்தாலேப என்னும் மூலிகைத் தைலத்தைத் தடவி நீவினால் இதமாக இருக்கும், ஆனால் வலிக்கும் தசையை அழுத்திப் பிசைய வேண்டாம். வலி அடுத்த நாளைவிட அதற்கு அடுத்த நாள் கூடுதலாகத் தெரியலாம். அது இயல்பு, மெதுவான நடையே அதற்கு மருந்து. தசையில் அல்லாமல் மூட்டுக்குள் குத்துவது போன்ற வலியோ, முழங்காலில் வீக்கமோ ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள், தசைச் சேதம் சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.